மண்ணுக்குத் தோலாம்!

மார்ச் 3

களப்பணி அதிகாரி இன்று ஆய்வகத்துக்குப் பதினெட்டு மண் பைகளோடு வந்தார். கூரைக்குக் கீழேயும் தொப்பியைக் கழற்றாத மனிதர். அதனால் எனக்கு அவர் தொப்பி. பதினெட்டில் நாலு பைகளில் சீட்டு இல்லை. இரண்டில் ஒரே எண். கேட்டால் சிரிக்கிறார். "எல்லாம் ஒரே மலைதானே சார்." ஒரே மலையாம்! இவர் வீட்டுச் சமையலறையில் உப்பும் சர்க்கரையும் ஒரே டப்பாவில்தான் இருக்கும் போலிருக்கிறது.

மூன்றாம் சரிவின் மண் இது. புல்லைத் தவிர ஒன்றும் முளைக்காத வறண்ட குன்று. அதை உழுது தீவனப்பயிர் விதைக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு ஆசை வந்திருக்கிறது. மண் தாங்குமா, மழையை உள்ளே வாங்குமா என்று நான் எழுதித் தர வேண்டும். 'ஏற்றது' என்றால் டிராக்டர் ஏறும். 'ஏற்றதல்ல' என்றால் ஏறாது.

மத்தியானம் தங்கை போன் செய்தாள். அவள் வீடு அந்தக் குன்றின் அடிவாரத்தில். அவள் புருஷனுக்கு நூற்று நாற்பது ஆடுகள்.

"அண்ணா, அந்தச் சரிவ விட்டா எங்களுக்கு வேற புல்லு கிடையாது. நீதானே எழுதப் போற?"

"நான் எழுதல. மண்ணு எழுதும். நான் கையெழுத்துதான் போடுவேன்."

எவ்வளவு அழகான வாக்கியம்! அவளுக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 6

ஒரு சிட்டிகை எடுத்து நனைத்துப் பிசைந்தேன். உருண்டை பிடித்தது. கட்டைவிரலால் தள்ளி நாடாவாக நீட்டினேன். விரல்கணு நீளம் வருவதற்குள் அறுந்தது. காதருகே வைத்துத் தேய்த்தால் நறநற. மணல் மிகுந்த மண். மணல் அறுபத்தைந்து சதவீதம், களி பத்துப் பன்னிரண்டு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கவிழ்த்து வைத்தேன்.

தராசம்மா – எங்கள் ஆய்வகத்தில் நிறை போடுகிறவர், பதினெட்டு வருடமாக அதே நாற்காலி – கண்ணாடி ஜாடிகளோடு மல்லுக்கட்டிவிட்டுச் சாயங்காலம் சொன்னார்: மணல் அறுபத்தாறு, வண்டல் இருபத்து மூன்று, களி பதினொன்று. நான் காகிதத்தைத் திருப்பிக் காட்டினேன். "ஓ" என்றார். ஓ! வேறு ஊராக இருந்தால் இந்த விரலுக்குச் சிலை வைத்திருப்பார்கள்.

மண்ணைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏழை மண். மக்கிய சத்து ஒரு சதவீதம்கூட இல்லை. ஒன்றோடொன்று ஒட்டாது, ஒவ்வொரு மணலும் தனிக்குடித்தனம், எங்கள் ஆய்வகம் மாதிரி. இருக்கிற பதினொன்று களிதான் ஏதோ இழுத்துப் பிடித்துக் குடும்பம் நடத்துகிறது.

மார்ச் 9

தொப்பி கேட்கிறார்: "மண்ணை எதுக்கு சார் இடிச்சு சலிக்கிறீங்க?" பதினாலு வருட சர்வீஸ். தலையில் அடித்துக்கொண்டேன்.

மார்ச் 12, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போய் வந்தேன். போகாமலே இருந்திருக்கலாம்.

மாப்பிள்ளை ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் விடுகிற இடைவெளியில் ஒரு ஆடு வயிறார மேய்ந்துவிட்டு வந்துவிடும். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"மச்சான், அந்த மண்ணுக்கு மேல ஒரு தோல் இருக்கு."

"என்னது?"

"தோலு. புல்லு, வேரு, கருப்பா பாசி மாதிரி ஒண்ணு, எல்லாம் சேந்து. அது இருக்கற வரைக்கும் மழை உள்ள இறங்கும். கிழிச்சுட்டா இறங்காது. ஓடிரும்."

மண்ணுக்குத் தோலாம்! முப்பது வருடமாக மண்ணைப் படிக்கிறேன். தோல், எலும்பு, மூக்கு, முழி ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

"எந்தப் புத்தகத்துல இருக்கு மாப்பிள்ளை?"

"புத்தகத்துல இல்ல. நம்ம ஆட்டுப்பட்டிகிட்ட வந்து பாருங்க. மிதிபட்டு மிதிபட்டு அங்க தோல் போயிருச்சு. எவ்வளவு பேஞ்சாலும் நிக்காம ஓடுது. இன்னைக்கே போலாம், அரை மணி நேரம்தான்."

ஏறுவதாவது! எனக்கு முழங்கால் வலி. பதினோரு வருடமாக நான் எந்தக் குன்றும் ஏறவில்லை. மண்தான் என்னைத் தேடி வரும். நான் மண்ணைத் தேடிப் போவதில்லை. அதைச் சொல்லியிருந்தால் போதும். வாய் சும்மா இருந்தால்தானே.

"ஆடு மேய்க்கிறவங்க சொல்றதை எழுதணும்னா லேப் எதுக்கு மாப்பிள்ளை? ஆட்டையே கையெழுத்துப் போடச் சொல்லலாமே."

அவர்கூட லேசாகச் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. என் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

கிளம்பும்போது மாப்பிள்ளை செய்தித்தாளில் சுற்றி இரண்டு மண்கட்டிகளைக் கொடுத்தார். ஒன்று புல்லடியில் எடுத்தது, ஒன்று பட்டியருகே எடுத்தது. "இதையும் பாத்துருங்க மச்சான்." சீட்டு இல்லை, எண் இல்லை, ஆழம் இல்லை. தொப்பிக்குத் தம்பி முறை போல! வாங்கிப் பையில் போட்டேன். இப்போது மேசை டிராயரில் கிடக்கின்றன.

மார்ச் 14

இன்று தண்ணீர் சோதனை. பித்தளைக் குழாயில் இடித்துச் சலித்த மண்ணை நிரப்பி, மேலே வட்டத்தாள் ஒன்றைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது.

தாள் வைக்கிற முறை நான் கொண்டுவந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நான் பொறுப்பேற்றபோது, ஆளுக்கொரு விதமாக ஊற்றுவார்கள். ஒருவர் ஊற்றினால் மேல்மண் கலங்கும், இன்னொருவர் ஊற்றினால் கலங்காது. ஒரே மண்ணுக்கு ஏழு எண். சந்தைக்கடை. நான் தாளை வைத்தேன். தண்ணீர் தாள்மேல் விழும், மண் அசையாது. அன்றிலிருந்து யார் ஊற்றினாலும் ஒரே எண். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் மாலை போட்டுக் கூட்டம் நடத்தியிருப்பார்கள். எனக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

மூன்றாம் சரிவு: மணிக்கு அறுபத்திரண்டு மில்லிமீட்டர். பிரமாதமாகக் குடிக்கிறது. தோலும் இல்லை, துருத்தியும் இல்லை.

மார்ச் 15

'உழவுக்கு ஏற்றது.' கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். எங்கள் இயக்குநர், எதற்கெடுத்தாலும் ஆகட்டும் என்கிறவர், இதற்கும் "ஆகட்டும் சார், ஆகட்டும்" என்று இரண்டு ஆகட்டும் போட்டார்.

தங்கைக்கு நானே சொல்வதா? வேண்டாம். தெரிந்துகொள்வாள்.

ஏப்ரல் 4

முதலில் ஒரு பட்டையை மட்டும் உழுதிருக்கிறார்கள், உச்சியிலிருந்து அடிவாரம் வரை, முப்பது நடை அகலத்தில். உழவுசால் வழியே தண்ணீர் ஓடிவிடாதபடி சரிவுக்குக் குறுக்காகத்தான் ஓட்டினார்கள். அதில் குற்றம் சொல்ல முடியாது. மிச்சத்தை இருபத்துநாலாம் தேதி தொடங்குவார்களாம். தொப்பி போனில் படம் காட்டினார். பழுப்பு நிறக் குன்றில் சிவப்பாக ஒரு கோடு. தானே உழுத மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

தங்கை இன்னும் போன் செய்யவில்லை. மூன்று வாரம் ஆகிறது. செய்யாவிட்டால் போகட்டும், எனக்கென்ன.

ஏப்ரல் 11

மழை! நாற்பது நிமிடத்தில் இருபத்திரண்டு மில்லிமீட்டர். தெருவெல்லாம் வெள்ளம், அலுவலக வாசலில் ஆளாளுக்குப் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மூன்றாம் சரிவு இந்நேரம் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருக்கும். நாளைக்கு மாப்பிள்ளையைக் கேட்க வேண்டும், தோல் சௌக்கியமா என்று.

ஏப்ரல் 12

கேட்க வேண்டியிருக்கவில்லை. காலையிலேயே தங்கை போன்.

"உன் மண்ணு எங்க தொட்டிக்குள்ள கெடக்கு அண்ணா."

"எந்த மண்ணு? எந்தத் தொட்டி?"

"ஆடு தண்ணி குடிக்கிற தொட்டி. உழுத பட்டையிலேர்ந்து அப்படியே வழிச்சுக்கிட்டு வந்துருச்சு. விளிம்பு வரைக்கும் சேறு. நேத்திலேர்ந்து ஆடுங்க தண்ணி குடிக்கல. அவரு அள்ளிக்கிட்டு இருக்காரு."

"புல்லு இருக்கற எடத்துல?"

"அங்க ஒண்ணும் ஆகல. அவரு சொன்ன மாதிரிதான்."

வைத்துவிட்டாள். நூற்று நாற்பது ஆட்டுக்கு இருப்பது அந்த ஒரு தொட்டி. ஒரு பட்டைக்கே இந்தக் கதி. மிச்சத்தையும் உழுதால்?

இல்லை. டிரைவர் ஆழமாக உழுதிருப்பான். அல்லது மழை அளவுக்கு மீறியிருக்கும். மண் தப்புச் செய்யாது. எண் தப்புச் செய்யாது.

ஏப்ரல் 13

மறுபடி சோதித்தேன். அறுபத்தொன்று. மறுபடி. அறுபத்திரண்டு. இன்னொரு பை. அறுபத்து மூன்று. என் எண் சரி. அப்படியானால் அந்தக் குன்றுதான் தப்பு.

ஏப்ரல் 17

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

காலையில் தராசம்மா குழாய்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வட்டத்தாள் தீந்துபோச்சு சார். ஸ்டோர்ல கேட்டா அடுத்த வாரம்ங்கறாங்க." ஸ்டோர்க்காரருக்கு எப்போதுமே அடுத்த வாரம்தான்.

"தாள் இல்லாம எப்படிச் செய்வீங்க?"

"ஊத்திட்டேன் சார். மூணாம் சரிவு மண்ணு. ஒன்பது வருது."

"ஒன்பதா? தொண்ணூறா?"

"ஒன்பது."

கை நடுங்கியிருக்கும் என்றேன். அவர் எழுந்து இடம் விட்டார். நானே ஊற்றினேன். எட்டு. அப்புறம் கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி மெதுவாக ஊற்றினேன். பதினொன்று. குனிந்து பார்த்தேன். மேல்மண் கரைந்து கூழாகி, அப்படியே படிந்து, சந்து பொந்தையெல்லாம் அடைத்துவிட்டது. மேலே தண்ணீர் நிற்கிறது. கீழே மண் காய்ந்து கிடக்கிறது.

"தாள் வந்ததும் பாத்துக்கலாம். தாள் இல்லாம வர்ற நம்பர் நம்பரே இல்ல" என்றேன்.

அவர் தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மலை மேல யாரு சார் தாள் வெக்கிறாங்க?"

வாயடைத்துப்போனேன் என்று எழுதினால் பொய். கத்தினேன். "உங்க வேலை நிறை போடறது. அதை மட்டும் பாருங்க!" ஆய்வகமே திரும்பிப் பார்த்தது. தொப்பிகூடத் தொப்பியைக் கழற்றிவிட்டார். தராசம்மா துணியை மடித்து வைத்தார்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மலை மேல் யார் தாள் வைக்கிறார்கள்? புல் வைக்கிறது. புல்லும் வேரும் அந்தக் கருப்புப் பாசியும். நான் அதையெல்லாம் இடித்துச் சலித்துத் தூர எறிந்துவிட்டு, அந்த இடத்தில் என் தாளைப் பரப்பி, ஆகா நன்றாக இறங்குகிறது என்று அளந்திருக்கிறேன். அளந்துவிட்டு, தோலை உரிக்கலாம் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆட்டையே போடச் சொல்லியிருக்கலாம். ஆடு இதைவிட நல்லா எழுதியிருக்கும்.

முட்டாள். முட்டாப்பய. முப்பது வருஷம் என்னத்தடா கிழிச்ச?

ஏப்ரல் 18

டிராயரைத் திறந்து மாப்பிள்ளையின் கட்டிகளை எடுத்தேன். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்துப் போட்டேன். பட்டியருகே எடுத்தது, பேனா மூடியைத் திருகி மூடுவதற்குள் பொலபொலவென்று உதிர்ந்து குழம்பாகிவிட்டது. புல்லடிக் கட்டி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போதும் அப்படியே. தண்ணீர் தெளிவாக இருந்தது.

ஒரு மாதமாக இது என் முழங்காலுக்கு மேலே, ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கிறது.

ஏப்ரல் 19

இயக்குநரிடம் போய், தாள் விஷயத்தைச் சொல்லி, அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஆகட்டும் என்று சொல்லவில்லை.

"ஒரு காகிதத்துக்காகவா?"

"ஆமா."

"உக்காருங்க சார். இதே தாளை வெச்சுத்தானே இருபத்திரண்டு வருஷமா எழுதினீங்க? இது தப்புன்னா அதெல்லாம் என்ன? எத்தனை சரிவை உழலாம்னு எழுதியிருப்பீங்க?"

எனக்குத் தெரியும். முப்பத்தொன்று.

"ரெண்டு வருஷத்துல ரிட்டயர்மென்ட். பேரோட புகழோட போய்ச் சேருங்க. டிரைவர் ஆழமா உழுதுட்டாருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

மனுஷன் மக்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மக்கு இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் மூன்று இடங்களிலிருந்து புகார் வந்தது, மண் அரித்துப் போகிறதென்று. மூன்றுக்கும் நான் பதில் எழுதினேன். அவர் இன்று சொன்ன அதே வரி. டிரைவர் ஆழமாக உழுதுவிட்டார்.

ஏப்ரல் 20

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. திங்கட்கிழமை இருபத்துநாலு, மிச்சத்தை உழத் தொடங்குகிற நாள்.

ஏப்ரல் 21

ஏறினேன். அரை மணி நேரம் என்று மாப்பிள்ளை சொன்னது ஆட்டுக்கு. எனக்கு ஒன்றரை மணி. நாலு இடத்தில் உட்கார்ந்தேன். அவர் இரண்டு கேன் தண்ணீரைத் தோளில் போட்டுக்கொண்டு, பூவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, முன்னால் போய் நின்று நின்று காத்திருந்தார். சொல்லிக்காட்டுவார் என்று பார்த்தேன். என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், நான் பதில் பேசியிருக்க மாட்டேன். சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

குழாயைப் புல்லோடு சேர்த்துத் தரையில் இறக்கினோம். இடிக்கவில்லை, சலிக்கவில்லை, தாள் வைக்கவில்லை. தலை உயரத்திலிருந்து பூவாளியால் மழை மாதிரி ஊற்றினார். ஐம்பத்துநாலு. பத்தடி தள்ளி உழுத பட்டையில் ஏழு. அதற்குள் மேலே பொருக்குத் தட்டிப்போயிருந்தது, நகத்தால் சுரண்டினால் ஓடு மாதிரி பெயர்கிறது.

நோட்டை அவரிடம் காட்டினேன். பார்த்தார்.

"இது எங்களுக்குத் தெரியும் மச்சான். நீங்க எழுதிக்கிங்க."

"அன்னைக்கு நான் பேசினது..."

"எறங்கும்போது முழங்கால் இன்னும் வலிக்கும். என் தோளைப் பிடிச்சுக்கிங்க."

பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

ஏப்ரல் 22

கடிதம் கொடுத்தாகிவிட்டது. 'மூன்றாம் சரிவு உழவுக்கு ஏற்றதல்ல. நான் கையாண்ட முறை தவறு. இதே முறையில் நான் எழுதிய மற்ற முப்பத்தொரு அறிக்கைகளையும் திரும்பப் பெறுகிறேன்.' இயக்குநர் வாங்கிக்கொண்டார். டிரைவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மேலிடத்துக்குப் பிரதி போய்விட்டது என்று சொன்னதும்தான் மூடிவைத்தார்.

தராசம்மாவிடம் அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "ஓ" என்றார்.

மே 15

உழவு நின்றுவிட்டது. என் கையெழுத்தும் நின்றுவிட்டது. விசாரணை முடியும்வரை அறிக்கைகளில் தொப்பி கையெழுத்துப் போடுவாராம்! மண்ணை எதற்கு இடிக்கிறீர்கள் என்று கேட்ட மகானுபாவர். அது நல்ல கேள்விதான் என்று இப்போது தெரிகிறது. அவருக்கு இன்னும் தெரியாது, கேட்டுவிட்டு மறந்துவிட்டார்.

அவர் பார்த்த வேலை எனக்கு. முப்பத்தொரு சரிவுக்கும் போய் மாதிரி எடுத்து வரவேண்டும். இரண்டு ஆயிற்று. இரண்டிலும் புல் இல்லை. ஒன்றில் பாறை தெரிகிறது. பைகளில் சீட்டு ஒட்டி, எண் போட்டு, ஆழம் எழுதிக் கொண்டுபோய் அவர் மேசைமுன் நிற்கிறேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்கிறார்: "எல்லாம் ஒரே மலையா சார்?"

ஜூன் 25, ஞாயிறு

வெள்ளிக்கிழமை மறுபடி நல்ல மழை. தங்கை தானே போன் செய்து வரச் சொன்னாள். மார்ச்சுக்கு அப்புறம் அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை, சேற்றைப் பற்றிச் சொன்னதைச் சேர்க்காவிட்டால்.

சரிவு பச்சையாக இருக்கிறது. ஆடுகள் மேலே மேய்கின்றன. நடுவில் அந்தப் பட்டை மட்டும் அப்படியே சிவப்பாக, விதைத்தது ஒன்றுகூட நிற்காமல். மாப்பிள்ளை முள்செடியை வெட்டி வந்து ஓரம் நெடுக அடுக்கியிருக்கிறார். கொஞ்சம் தடுக்கிறது. தொட்டியில் மறுபடி சேறு, பாதிக்கு மேல்.

நான் நோட்டை எடுத்தேன். இந்தப் பட்டையில் ஓட்டம் எவ்வளவு, முள் கட்டியதில் எவ்வளவு குறைந்திருக்கும், தோல் திரும்பக் கட்ட எத்தனை வருடம் ஆகலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். தங்கை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தொட்டிக்குள் நின்றாள்.

"நம்பரெல்லாம் அப்பறம் அண்ணா. வாளியப் பிடி."

பிடித்தேன். அவள் அள்ளிக் கொடுத்தாள், நான் வாங்கி மாப்பிள்ளையிடம் கொடுத்தேன், அவர் கொண்டுபோய்ப் பட்டையின் அடியில் கொட்டிவிட்டு வந்தார். நடுவில் ஒருமுறை பழக்கதோஷத்தில் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். நறநறப்பு இல்லை. கட்டைவிரலால் தள்ளினேன், நாடா நீண்டது, இரண்டு கணு, மூன்று கணு, அறுபடவே இல்லை. அத்தனையும் களி. மணல் கனம், அது மேலேயே தங்கிவிட்டது. பதினொன்று என்று எழுதிக் கவிழ்த்து வைத்துக் காட்டினேனே, அந்தப் பதினொன்றுதான் இங்கே தொட்டியில் கிடக்கிறது.

"என்ன மச்சான், என்ன மண்ணு?" என்றார் மாப்பிள்ளை.

"மலையோடது" என்றேன்.

அப்புறம் எல்லாரும் சாப்பிட்டோம். இந்தத் தடவை நான் சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டு இருந்தது.